இரண்டாம் நாள் வார்டு

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எந்த நாள் ஆபத்தானது என்று கேட்டால் பலரும் முதல் நாளைத்தான் சொல்வார்கள். சேதராப்பட்டில் குடியிருக்கும் ஒரு மூத்த செவிலியர் இரண்டாம் நாளைச் சொல்கிறார். முதல் நாள் எல்லாருடைய கண்ணும் நோயாளி மேல் இருக்கும். சர்ஜன் வருவார், மயக்க மருத்துவர் வருவார், மானிட்டர் கத்திக்கொண்டே இருக்கும். மறுநாள் காலையில் பொது வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். மானிட்டர் அங்கேயே நின்றுவிடும், டிரிப்ஸ் மட்டும் கூட வரும். தையல் சுத்தம், காய்ச்சல் இல்லை, பிரஷர் சரி. சாயங்காலம் நோயாளி அம்மாள் தலை வலிக்கிறது என்பார். அப்புறம் குமட்டுகிறது என்பார். இரவு பத்து மணிக்குச் சொந்த மகளையே பார்த்து, "நீ யாரும்மா, இங்க இன்னா பண்ற?" என்று கேட்பார்.

"மயக்க மருந்து இன்னும் தெளியல" என்பார் பக்கத்துக் கட்டில்காரர். "வலிக்கு ஊசி போட்டாங்க இல்ல, அதனாலதான்" என்பாள் மகள். இரண்டுமே நடக்கக்கூடியதுதான். அதனாலேயே மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றாமல் போகிறது. செவிலியர் டூட்டி டாக்டரைக் கூப்பிடுகிறார். ரத்தம் லேபுக்குப் போகிறது. திரும்பி வந்த சீட்டில் சோடியம் 119.

இருக்க வேண்டிய அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். 135க்குக் கீழே போனாலே குறைவு என்றுதான் பெயர். 125க்குக் கீழே போனால் மருத்துவர்கள் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். ரத்தம் நீர்த்துப்போனால் தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். வீங்க இடம் தராத எலும்புக் கூட்டுக்குள் மூளை இருப்பதால் அழுத்தம் ஏறும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தடுமாற்றமான பேச்சு, பிறகு வலிப்பு, கடைசியில் மூச்சே நின்றுபோகலாம். எண் எவ்வளவு கீழே இறங்கியது என்பதோடு எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதும் முக்கியம். மாதக்கணக்கில் மெல்ல 120க்கு இறங்கிய பெரியவர் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரே நாளில் 138இலிருந்து 120க்கு விழுந்தவருக்கு வலிப்பு வந்துவிடலாம்.

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. பிப்டிக் தொழிற்பேட்டை வந்த பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயர். கொஞ்ச தூரம் நடந்தால் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டம் வந்துவிடும், இன்னும் கொஞ்சம் நடந்தால் மறுபடி புதுச்சேரி. பெரிய வைத்தியத்துக்கு இரண்டு பக்கத்து ஜனங்களும் பஸ் ஏறுவது புதுச்சேரிக்குத்தான். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. அது போக அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் ஊரைச் சுற்றி இருக்கின்றன. அறுவை சிகிச்சை வார்டிலும் ஐசியூவிலுமாக இந்தச் செவிலியர் பணியில் கழித்த காலம் நீண்டது. தெருவில் அவருக்குப் பெயர் சிஸ்டரம்மா. டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வீட்டுத் திண்ணையில் இடம் உண்டு.

அந்தத் திண்ணையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: "ஆபரேசன் ஆனதுல உப்பு கம்மியாயிட்டுதாம் சிஸ்டரம்மா. கஞ்சில ஒரு கை உப்பு சேத்துப் போட்டுக் குடுக்கவா?"

அவருடைய பதில் பெரும்பாலும் கேட்டவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அறுவைக்குப் பிறகு இப்படி ஆகிறவர்களில் பலருக்கு உடம்பில் உப்பு குறைவதில்லை, தண்ணீர்தான் கூடுகிறது. நீர்மோரில் மேலும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினால் உப்பு சப்பென்று போகிறதே, போட்ட உப்பா காணாமல் போனது? லேப் சொல்லும் எண் மொத்த உப்பின் அளவு அல்ல. ஒரு லிட்டரில் எவ்வளவு என்ற விகிதம்தான் அது.

அந்தத் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றியிருக்கலாமே, ஏன் உடம்பு பிடித்து வைக்கிறது? மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரஸின் என்றொரு ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறது. அதைச் சோதனைக்கூடத்தில் செய்து காட்டிய அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அந்த ஹார்மோனின் வேலை. தாகத்தில் தவிக்கும்போது அது உயிரைக் காக்கிறது. வலி, வாந்தி, பயம், ரத்த இழப்பு, வலிக்குப் போடும் மார்ஃபின் வகை ஊசி எல்லாமே அதைச் சுரக்க வைக்கக்கூடியவை. அறுவை முடிந்தவருக்கு இவை எல்லாம் ஒரே சமயத்தில் இருக்கின்றன. ஓரிரு நாள், சில சமயம் அதற்கு மேலும், உடம்பு உள்ளே வந்த தண்ணீரை விடாது. அந்த நேரம் பார்த்து டிரிப்ஸ் ஸ்டாண்டில் என்ன பாட்டில் தொங்குகிறது என்பதில்தான் பலருடைய கதி இருக்கிறது.

ஊரில் எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே பெயர்தான், குளுக்கோஸ். செவிலியருக்கு ஒவ்வொன்றும் வேறு. நார்மல் சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம். ரிங்கர் லாக்டேட்டில் சுமார் 130. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சோடியம் கிடையாது. அதிலுள்ள சர்க்கரையை உடம்பு எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர். குழந்தைகளுக்கென்று வெகுகாலம் போட்டுவந்த ஐசோலைட்-பி பாட்டிலில் சோடியம் சுமார் 25. ரத்தத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

குழந்தைகள் பாட்டிலின் கணக்கு 1957இல் பிறந்தது. மால்கம் ஹாலிடே, வில்லியம் சீகர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், படுத்திருக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பதை அது செலவழிக்கும் கலோரியிலிருந்து கணக்கிட்டார்கள். முதல் 10 கிலோ எடைக்கு கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. எந்த நர்சிங் மாணவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தச் சூத்திரம் வரும். எவ்வளவு உப்பு வேண்டும் என்பதற்கு அவர்கள் தாய்ப்பாலையும் பசும்பாலையும் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைக்கு அந்த உப்பு போதும். குடல்வால் வெடித்து, வலியில் துடித்து, வாந்தி எடுத்து, அறுவை முடிந்து படுத்திருக்கும் குழந்தையின் உடம்பில் வாசோபிரஸின் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழந்தைக்கு அதே கணக்கு பொருந்தவில்லை.

விந்தை என்னவென்றால், அதே 1957இல்தான் வில்லியம் ஷ்வார்ட்ஸ், ஃபிரெடரிக் பார்ட்டர் குழுவினர், தேவையில்லாத நேரத்தில் இந்த ஹார்மோன் வேலை செய்து சோடியத்தைக் கீழே இறக்குவதை இரண்டு நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் கண்டு எழுதினார்கள். இரண்டு கட்டுரைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் பல நாடுகளில் குழந்தைகள் இறந்தார்கள். வட அயர்லாந்தில் 2001இல் அப்பெண்டிக்ஸ் அறுவை முடிந்த 9 வயதுச் சிறுமி ஒருத்தி சில நாள்களுக்குள் மூளை வீங்கி இறந்தாள். அவளைப் போன்ற சில குழந்தைகளின் மரணத்தை விசாரிக்க 2004இல் ஆணையம் போட்டார்கள். ஜான் ஓ'ஹாரா தலைமையிலான அந்த ஆணையத்தின் அறிக்கை 2018 ஜனவரியில்தான் வந்தது. உப்பு மிகக் குறைந்த குழந்தைகள் பாட்டிலைப் பொது வார்டுகளிலிருந்து எடுத்துவிடச் சொல்லி பிரிட்டனின் நோயாளி பாதுகாப்பு அமைப்பு 2007இல் எச்சரிக்கை விட்டது. ரத்தத்துக்கு நிகரான உப்புள்ள திரவத்தையே குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் ஊர் வார்டுகளிலும் பழக்கம் மாறிவருகிறது. ஆனாலும் இரவு டூட்டிக்குப் போகும்போது அலமாரியில் எந்தப் பாட்டில் முன்வரிசையில் நிற்கிறது என்று பார்ப்பதைச் சிஸ்டரம்மா விட்டதில்லை. அவசரத்தில் கை முன்வரிசைக்குத்தான் போகும்.

குழந்தைகளுக்கு அடுத்தபடியாக அவர் கவலைப்படுவது மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களைப் பற்றி. காரணம் 1986இல் வந்த ஒரு கட்டுரை. சாதாரண அறுவைக்கு நடந்து வந்த ஆரோக்கியமான 15 பெண்களைப் பற்றி ஆலன் ஏரியஃப் அதில் எழுதினார். அறுவைக்கு முன் அவர்களுடைய சோடியம் சராசரியாக 138. பிறகு 108. வலிப்பு வந்தது, மூச்சு நின்றது. சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களுக்கு மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. பல பேருக்கு முதலில் சந்தேகிக்கப்பட்டது பக்கவாதம் போன்ற வேறு நோய்கள். அறுவைக்குப் பிறகு சோடியம் குறைவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரிதான், மூளை கெட்டுப்போவது மட்டும் இந்த வயதுப் பெண்களிடம் பன்மடங்கு அதிகம் என்று 1992இல் அதே குழுவினர் காட்டினார்கள். கர்ப்பப்பை அறுவை முடிந்த முப்பத்தைந்து வயதுப் பெண் இரண்டாம் நாள் தலைவலி என்றால் சிஸ்டரம்மா வலி மாத்திரை கொடுப்பதற்கு முன் சோடியம் பார்த்துவிடச் சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

அப்படியென்றால் நார்மல் சலைனையே ஏற்றிக்கொண்டிருந்தால் பயமில்லையா? புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் தவறாமல் கேட்பது இது. 1997இல் வந்த ஒரு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பெண்களுக்கான அறுவை செய்துகொண்ட 22 பேருக்கு ரத்தத்துக்குக் கிட்டத்தட்ட நிகரான உப்புத் திரவத்தைத்தான் ஏற்றினார்கள். அப்படியும் 24 மணி நேரத்தில் சோடியம் சராசரியாகச் சுமார் 4 புள்ளி இறங்கியது. உப்பும் தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போனாலும், சிறுநீரகம் உப்பைக் கெட்டியான சிறுநீரில் வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் நிறுத்திக்கொண்டது. அதனால் சலைன் பாதுகாப்பானது என்பது உண்மை, ஆனால் எத்தனை லிட்டர் போனாலும் பாதுகாப்பு என்பது உண்மையல்ல. வாயால் குடிக்க ஆரம்பித்த பிறகும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டே இருந்தால் யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டாக வேண்டும்.

வாயால் குடிப்பதற்கு வார்டில் கணக்கே இருப்பதில்லை. இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் டிரிப்ஸ் பாட்டில் ஒவ்வொன்றும் ஏறும், யூரின் பையின் அளவு ஏறும். உறவினர் கொடுத்த இளநீர், ஹார்லிக்ஸ், ஃபிளாஸ்க் காபி, தலைமாட்டில் இருக்கும் லிட்டர் பாட்டில் தண்ணீர் ஏறாது. "நல்லாத் தண்ணி குடி, அப்பதான் மருந்து சூடு எறங்கும்" என்று பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓஆர்எஸ் பொட்டலத்தைச் சரியாகக் கரைத்தால் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கும். வயிற்றுப்போக்குக்காக வகுத்த அளவு அது, தண்ணீர் மிஞ்சிய உடம்புக்கு மருந்தல்ல. சோடியம் குறைந்தவரின் கட்டில் பக்கத்தில் சிஸ்டரம்மா ஒரு நோட்டைக் கட்டிவைப்பார். என்ன குடித்தார், எத்தனை டம்ளர் என்று மகளோ மருமகளோ கோடு போட வேண்டும். டாக்டரே எதிர்பார்க்காத எண்கள் அந்த நோட்டிலிருந்து வந்திருக்கின்றன.

பழைய காலத்தில் தண்ணீர் வேறு வழியிலும் போனது. 1935இல் ஹெல்விக் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவரும் உடனிருந்தவர்களும், பித்தப்பை அறுவைக்குப் பிறகு மலக்குடல் வழியே ஏராளமாகச் சாதாரணத் தண்ணீர் செலுத்தப்பட்டு இறந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். 1938இல் அதே போன்ற கதியில் சாகக் கிடந்த இன்னொருவரை அடர்ந்த உப்புக் கரைசல் ஏற்றிப் பிழைக்க வைத்ததையும் எழுதினார்கள். இன்று ஐசியூவில் கையாளும் வைத்தியத்தின் அடிப்படை அப்போதே தெரிந்திருந்தது.

இதே விஷயம் அறுவை அரங்கிலேயே, சில நிமிடங்களில் நடப்பதும் உண்டு. புராஸ்டேட் சுரப்பியைச் சிறுநீர்த் துளை வழியாக மின்கம்பியால் சுரண்டி எடுக்கும்போது ரத்தம் கண்ணை மறைக்காமல் இருக்கத் தொடர்ந்து திரவம் பாய்ச்ச வேண்டும். சாதாரண மின்கருவிக்கு உப்புத் திரவம் ஆகாது, அது மின்சாரத்தைக் கடத்திவிடும். ஆரம்பத்தில் வெறும் சுத்திகரித்த தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அது வெட்டுப்பட்ட ரத்தக் குழாய் வழியே உள்ளே போய் சிவப்பணுக்களை உடைத்து ஆளைக் கொல்லும் என்பதை 1947இல் கிரீவி என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் காட்டினார். அதன் பிறகு 1.5 சதவீத கிளைசின் வந்தது. சிவப்பணு உடைவது குறைந்தது, ஆனால் கிளைசினிலும் சோடியம் இல்லை. சுரண்டும் நேரம் நீண்டால் லிட்டர் கணக்கில் உள்ளே ஏறிவிடும்.

இந்த அறுவைக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வதை மயக்க மருத்துவர்கள் பலரும் விரும்புவதற்கு ஒரு காரணம், நோயாளியோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்பது. தலைமாட்டில் நிற்கும் செவிலியரும் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர், எத்தனை பிள்ளை, ஊசுடு ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் எப்படி. பதில் தெளிவாக வரும்வரை கவலையில்லை. பெரியவர் திடீரென்று கொட்டாவி விட்டு, நெளிந்து, கை கட்டை அவிழ்க்கப் பார்த்தால் சர்ஜன் நிறுத்தியாக வேண்டும். "ஏம்மா லைட்ட அணைச்சிட்டீங்க?" என்று ஒரு முதியவர் கேட்டதைச் சிஸ்டரம்மா பார்த்திருக்கிறார். அரங்கில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. கிளைசின் விழித்திரையில் நரம்புச் செய்தியைத் தடுக்கும் பொருள். ரத்தத்தில் அதிகமானால் பார்வை கொஞ்ச நேரம் போய்த் திரும்பும். அறுவையை அங்கேயே முடித்தார்கள், ரத்தம் லேபுக்குப் போனது, மறுநாள் பெரியவர் பேப்பர் படித்தார். திரவப் பையை அதிக உயரத்தில் தொங்கவிடாமல் இருப்பதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காமல் இருப்பதும் இதற்காகத்தான். சலைனிலேயே வேலை செய்யும் இருமுனைக் கருவி வந்த பிறகு இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது. கர்ப்பப்பைக்குள் கருவி விட்டுச் செய்யும் அறுவையிலும் இதே கதை, இதே தீர்வு.

காரணம் எல்லா நேரமும் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பதில்லை. பல சமயம் அது வீட்டிலிருந்து மஞ்சள் பையில் வருகிறது. வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து வரும் பாட்டிகளின் மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்ப்பது சிஸ்டரம்மாவின் வழக்கம். பிரஷர் மாத்திரை அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்ற பெயர்களில் ஒன்று பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும், பல நேரம் வேறொரு மருந்தோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாக. இவை சிறுநீரோடு உப்பை வெளியேற்றுபவை. வயதானவர்களிடம், குறிப்பாக ஒல்லியான மூதாட்டிகளிடம், சோடியத்தைக் கீழே இழுத்துவிடும். பாட்டி விழுந்ததே சோடியம் குறைந்து தலை சுற்றியதால்தான் என்பது சில சமயம் பிறகு தெரியவரும். மனச்சோர்வுக்கு எடுக்கும் சில மாத்திரைகளும், வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் கார்பமசெபினும் வாசோபிரஸின் வழியாக அதே வேலையைச் செய்கின்றன.

அந்தப் பையில் அவர் தேடும் இன்னொன்றுக்குப் பெயர் எழுதியிருக்காது. மூட்டுவலிக்கென்று யாரோ கட்டிக் கொடுத்த பொட்டல மாத்திரை அது. சாப்பிட்டால் வலி பறந்துபோகும், பசி எடுக்கும், முகம் உப்பும். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதற்கு இவை அடையாளம். மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி சோம்பிப்போயிருக்கும். மருத்துவமனையில் சேர்ந்த அன்று பொட்டலம் நின்றுபோகும், அறுவையின் அதிர்ச்சி வேறு சேரும். பிரஷர் இறங்கும், சர்க்கரை இறங்கும், சோடியம் இறங்கும். எத்தனை பாட்டில் சலைன் ஏற்றினாலும் பிரஷர் எழாது. ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் ஆள் எழுந்து உட்காருவார். பிரசவத்தில் அதிக ரத்தம் போய்ப் பிட்யூட்டரி செத்துப்போன பெண்களுக்கும் இப்படி ஆகலாம். அதனால், "கடைசிப் பிரசவத்துல ரத்தம் ஏத்துனாங்களா? பிள்ளைக்குப் பால் இருந்துதா?" என்று ஐம்பது வயதுப் பெண்ணிடம் கேட்பார். சம்பந்தமில்லாத கேள்வி என்று மகன் முகம் சுளிப்பான். தைராய்டு மிகவும் குறைந்தவர்களையும் அவர் இதே வரிசையில் வைக்கிறார்.

பிரசவ வார்டில் ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் உண்டு. அது வாசோபிரஸினுக்கு நெருங்கிய உறவு, அதிக அளவில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதை டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் கலந்து நெடுநேரம் ஓட்டினால் தாய்க்கு வலிப்பு வரலாம். வலிப்பு என்றதும் எல்லாரும் பிரசவகால ரத்த அழுத்தத்தைத்தான் நினைப்பார்கள்.

இவை எல்லாம் தண்ணீர் மிஞ்சிய கதைகள். உப்பே நிஜமாகப் போய்விடும் கதைகளும் உண்டு. குடலை வயிற்றில் வெளியே திறந்துவிட்டவர்களுக்குப் பையில் லிட்டர் கணக்கில் நீர் கொட்டும். மூக்குக் குழாயில் வெளியேறுவது, வயிற்றுப்போக்கு, தீக்காயம் எல்லாம் இந்த வகை. மூளை அறுவையில் குழப்பம் இன்னும் அதிகம். மூளைக் காயத்தால் சிறுநீரில் உப்பு கொட்டுவதை 1950இல் யேல் பல்கலைக்கழகத்து ஜான் பீட்டர்ஸ் குழுவினர் எழுதினார்கள். வாசோபிரஸின் மிஞ்சிய நிலையும் லேப் சீட்டில் ஏறக்குறைய அதே மாதிரி தெரியும். முன்னதற்கு உப்பும் திரவமும் கொடுக்க வேண்டும், பின்னதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கெடுதல். பிரித்தறிய டாக்டருக்குத் துணை செய்வது செவிலியரின் கண்தான். நாக்கு வறண்டதா, உட்கார வைத்தால் பிரஷர் விழுகிறதா, நேற்றைக்கு இன்று எடை கூடியதா குறைந்ததா, பையில் எவ்வளவு சிறுநீர். பிட்யூட்டரிக் கட்டி எடுத்தவர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகு, நான்கிலிருந்து பத்து நாளுக்குள் சோடியம் விழக்கூடும். அதனால் ஒரு வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார்கள். நன்றாக இருக்கிறோமே என்று பலர் போவதில்லை.

வைத்தியம் தொடங்கும் முன் சிஸ்டரம்மா ஒன்றை உறுதி செய்துகொள்வார்: இந்த எண் நிஜமா? டிரிப்ஸ் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தால் பாட்டிலின் திரவமும் கலந்து வரும். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் கையென்றால் சோடியம் பாதாளத்தில் இருக்கும், சர்க்கரை வானத்தில் இருக்கும், ஆள் மட்டும் தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார். மறு கையில் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். சர்க்கரை நிஜமாகவே ஏறியிருந்தாலும் சோடியம் இறங்கித் தெரியும். 100 மில்லிகிராமுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு நூறுக்கும் சோடியத்தில் 1.6 சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது பழைய கணக்கு, 2.4 என்பது பின்னால் வந்த கணக்கு. சர்க்கரை 500, சோடியம் 128 என்றால் பழைய கணக்கிலேயே 134க்கு மேல் வந்துவிடும். அவருக்குத் தேவை இன்சுலின்.

எண் நிஜம், வலிப்பும் வந்துவிட்டது என்றால் 3 சதவீத சலைன். லிட்டருக்கு 513 மில்லிமோல் சோடியம் உள்ள கரைசல் அது. பத்து நிமிடத்தில் 100 மில்லி, தேவைப்பட்டால் மறுபடியும். எண் 4 முதல் 6 வரை ஏறினாலே மூளை வீக்கம் ஆபத்துக் கட்டத்தைத் தாண்டும். அதற்கு மேல் அவசரம் கூடாது. பல நாளாகச் சோடியம் குறைந்து கிடந்தவருக்கு ஒரே ராத்திரியில் 135ஐ எட்டவைத்தால் மூளைத் தண்டில் நரம்பின் உறை உரிந்துபோகலாம். 1959இல் ஆடம்ஸ், விக்டர், மான்கால் மூவரும் இந்த நோயை வர்ணித்தார்கள். வேகமாகத் திருத்துவதுதான் இதைக் கொண்டுவருகிறது என்பது பின்னால் தெரிந்தது. ஆள் தெளிந்து பேசுவார், வீட்டார் மகிழ்வார்கள், சில நாள் கழித்து விழுங்க முடியாமல், கை கால் அசையாமல் போவார். அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏறவிடக் கூடாது என்ற வரம்பை வைத்திருக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பதை உறவினர்கள் விரும்புவதில்லை. "எவ்ளோ ரத்தம்தான் எடுப்பீங்க?" என்ற சண்டை வழக்கமாக வரும்.

அந்த நேரத்தில் அவர் அதிகம் பார்ப்பது யூரின் பையை. நீர் மாத்திரை நின்றதும், ஸ்டீராய்டு ஊசி போட்டதும், வலியும் குமட்டலும் அடங்கியதும் உடம்பு பிடித்துவைத்த தண்ணீரைத் திடீரென்று விட்டுவிடும். பை மணிக்கு மணி நிரம்பும், சிறுநீர் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். புதுப் பிள்ளைகள் கிட்னி நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். சிஸ்டரம்மா டாக்டருக்குப் போன் போடுவார், ஏனென்றால் அந்த மணி நேரங்களில் சோடியம் யாரும் ஏற்றாமலே தானாகத் தாவும். சில சமயம் ஏறுவதைத் தடுக்க டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலையே மறுபடி மாட்ட வேண்டிவரும். நேற்று வேண்டாம் என்று கழற்றிய அதே பாட்டில்.

இப்போதெல்லாம் தெருவில் யாருக்காவது அறுவைக்குத் தேதி கொடுத்தால் அவர் கேட்பது முதலில் மாத்திரை அட்டைகளைத்தான். அண்மையில் குடலிறக்க அறுவைக்குக் காத்திருந்த ஒரு பெரியவரின் பையில் பிரஷருக்கான கூட்டு மாத்திரை இருந்தது. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தில் குளோர்தாலிடோன். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதி, "இத மயக்க டாக்டர் கையிலயே குடுங்க" என்று மகனிடம் கொடுத்தனுப்பினார். அங்கே பார்த்தபோது சோடியம் 127. அவசர அறுவை இல்லை என்பதால் தேதியைத் தள்ளிவைத்தார்கள், மாத்திரையை அம்லோடிபினுக்கு மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் 136. அறுவைக்குப் போனபோது மகன் ஒரு நோட்டையும் எடுத்துப் போயிருந்தான். முதல் பக்கத்தில் அப்பா குடித்த தண்ணீரின் கணக்கு, டம்ளர் டம்ளராக. இரண்டாம் நாள் காலை சோடியம் 134 என்றும், டிரிப்ஸைக் கழற்றிவிட்டார்கள் என்றும் போன் வந்தது.